காதுக் குறி

லூயிஸ் தீவில் திருவிருந்து வாரத்து வெள்ளிக்குக்
கேள்வி நாள் என்று பெயர்.
யாராவது ஒரு மூப்பர் எழுந்து கேள்வி வைப்பார்.
முப்பத்தோரு வருஷமாகக் கேட்கிறேன்.
சொற்கள் மாறும், கேள்வி அதேதான்:
மெய்யான விசுவாசியை
வேஷக்காரனிடமிருந்து பிரித்தறிய
என்ன அடையாளம்?

போதகர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்.
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடைக்குள்ளிருந்து
ஆண்கள் எழுவார்கள்.
பெண்கள் பேசுவதில்லை.
என் மனைவி எஃபியைப் பேசவிட்டிருந்தால்
கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஒருவர் கண்ணீர் என்பார்.
கண்ணீர் ஏசாவுக்கும் வந்ததே என்பார் அடுத்தவர்.
ஜெபத்தில் ருசி. பாவத்தின்மேல் வெறுப்பு.
கடைசி பெஞ்சில் நான்,
படகேறும் நேரத்தில் பயணச்சீட்டைத் தேடுகிறவன் மாதிரி
உள்ளே ஒவ்வொரு பையாகத் துழாவுவேன்.
ஜெபத்தில் எனக்குத் தூக்கம் வரும்.
வெறுப்பு உண்டு.
பாவத்தின்மேலா என்று கேட்டால்,
இல்லை, ஃபின்லேயின்மேல்.

அதனால் ஞாயிறன்று
வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு நான் போனதில்லை.
தகுதியுள்ளவர்களுக்குத் தருகிற அந்த ஈய வில்லை
என் கையில் ஒருநாளும் குளிர்ந்ததில்லை.

இங்கே ஆடுகளுக்குக் காதில்தான் குறி.
என்னுடையதற்கு வலக்காதில் பிளவு.
ஃபின்லேயுடையதற்கு இடக்காதின் நுனி இருக்காது,
கீழே ஒரு கவ்வு.

பிப்ரவரியில், இருட்டப்போகிற நேரம்,
சதுப்பில் ஒரு ஆடு மார்புவரை இறங்கியிருந்தது.
குப்புறப் படுத்து இரண்டு கொம்பையும் பிடித்து இழுத்தேன்.
தலை திரும்பியது. காது என் முகத்தருகே வந்தது.
நுனி இல்லை.

கைகள் விட்டுவிட்டன.
என்னைக் கேட்கவில்லை, விட்டுவிட்டன.
சேறு ஒரு சத்தம் போட்டது,
கிழவன் கஞ்சி உறிஞ்சுவது போல.
எவ்வளவு நேரம்?
பீட் மண் வெட்டுகிற வரப்பில்
ஒரு மண்வெட்டி அகலத்துக்காக
அவன் என்னைத் திருடன் என்றதும்
அதற்குப் பின்னான ஒன்பது வருஷமும்
ஒருமுறை வந்து போகிற நேரம்.

பிறகு கைகள் பிடித்துக்கொண்டன.
அதற்கும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டில் எஃபி கோட்டைப் பார்த்தாள்,
சேற்றைப் பார்த்தாள், தண்ணீர் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எழுந்து
இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்:
விட்டது நான். அதில் சந்தேகமில்லை,
அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.
பிடித்தது யார்?

இந்த வருஷம் ஃபின்லேயை அழைத்தார்கள்.
நன்றாகப் பேசுவான், எப்போதும்.
'அடையாளம் ஒன்றுதான், சகோதரன்மேல்'
என்று சொல்லும்போது அவன் கண்
கடைசி பெஞ்சுக்கு வந்தது.
வாய் திறந்தபடி நின்றான்.
யாரோ இருமினார்கள். மழை கூரையில் நடந்தது.
வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.
உடம்புக்கு முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.
முப்பத்தோரு வருஷத்தில்
நான் நம்பிய பிரசங்கம் அதுதான்.

சனிக்கிழமை ஆராதனை முடிந்து
ஈய வில்லைக்கு வரிசை நின்றது.
நான் வெளியே மதிலருகே நின்றேன்.
அவனும் வரிசையை விட்டு வந்தான்.
என் வாய்க்கு வேறொன்றும் கிடைக்கவில்லை:
'உன் ஆடு ஒன்று நொண்டுகிறது.'
'எது?'
'பிப்ரவரியில் சேற்றோடு வீடு வந்தது.'
அவன் என்னைப் பார்த்தான்,
பிறகு என் கைகளை.
'கயிறு வீட்டில் இருக்கிறது' என்றான்.

நடந்தோம். நடுவில்
ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சற்று அதிகம்.
அவன் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டான்.
நான் குளம்பிலிருந்து கல்லைக் கத்தியால் நெம்பினேன்.
அது திமிறி என் முழங்காலில் உதைத்தது.
விட்ட கைகளை அதற்கு ஞாபகம் இருக்கிறது போலும்.
பிடித்ததும் இருக்குமா என்று
காதைப் பார்த்தேன்.
நுனி இல்லாத காது
ஒருமுறை ஆடியது.

நாளை ஞாயிறு.